லேமினேட் போட்ட பாஸ்வேர்டு

வேலப்பன்சாவடி பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிற கல்லூரிகளில் ஒன்று அது. எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அவர்களுக்கு உறைக்காது. முகப்பில் கண்ணாடி, தரையில் கிரானைட், வாசலில் சல்யூட் அடிக்க இரண்டு செக்யூரிட்டி, வருகிறவர்கள் பேர் எழுத ஒரு பெரிய நோட்டு. எல்லாம் இருந்தது. அவர்களுடைய இணையதளத்துக்கு மட்டும் கதவே கிடையாது.

இணையதளத்தில் நாம் பார்க்கிற பக்கங்களுக்குப் பின்னால் வேறொரு பக்கம் இருக்கும். அறிவிப்புகளை அங்கேதான் தட்டச்சு செய்து 'வெளியிடு' என்று அமுக்குவார்கள். அமுக்கிய நொடியில் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பின்பக்கத்துக்குள் போக இங்கே பயனர் பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. தள முகவரியின் வாலில் 'அட்மின்' என்று சேர்த்தால் திறந்துகொள்ளும். அதைச் செய்து கொடுத்த மகானுபாவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆபீசில் இருந்த ஐந்து பேரும் அந்த ஒரு சொல்லை ராணுவ ரகசியம் மாதிரி காதோடு காதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். உலகத்தில் பாதித் தளங்களுக்குப் பின்வாசல் அதே சொல்தான் என்று கல்லூரி பஸ்ஸில் தொங்குகிற பையனுக்குக்கூடத் தெரியும். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் வேறு சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளங்கிடும்.

நான் பருத்திப்பட்டில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இந்த மாதிரி தளங்களைப் பராமரிக்கிறவன். பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். கணக்கு எழுதுகிறவரையும் எலெக்ட்ரிசியனையும் எப்படி நடத்துவார்களோ அப்படித்தான் இந்த மாதிரி இடங்களில் என்னையும் நடத்துவார்கள், கூடவே ஒரு காபி தருவார்கள். அந்தக் கதவில்லாத விஷயத்தை, அவர்கள் வேலையை எடுத்துக்கொண்ட புதிதிலேயே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். அந்த ஊரில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

பிறகு மழை வந்தது. ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தளத்தில் ஓர் அறிவிப்பு: கனமழை காரணமாக இன்று கல்லூரிக்கு விடுமுறை. தூறல்கூட விட்டிருந்தது அப்போது. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் கிளம்பிய கல்லூரி பஸ்கள் டிரைவரோடு மட்டும் வந்து சேர்ந்தன. அன்றைக்குப் பார்த்து வெளியிலிருந்து செய்முறைத் தேர்வு எடுக்க இரண்டு பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு எழுதத்தான் ஆள் இல்லை.

தாளாளர் குதித்தார். தாளாளருக்கு ஒரு மச்சான் உண்டு. அந்த ஒரே தகுதியில் நிர்வாக அலுவலராக இருப்பவர். எல்லோரும் ஏ.ஓ. சார் என்பார்கள். தாளாளர் குதித்தால் இவர் ஆடுவார். ஆடிக்கொண்டே போய் அறிவிப்புகள் போடுகிற கிளார்க் அம்மாவின் மேஜையில் ஒரு மெமோவை வைத்தார்.

அந்த அம்மா திருவேற்காட்டுக்காரர். அந்தக் கல்லூரி நிற்கிற நிலத்திலேயே அவருடைய அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை அவருடையது. ஆபீசில் தமிழும் ஆங்கிலமும் தப்பில்லாமல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். அவருடைய மகள் அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், ஊழியர் பிள்ளை என்ற சலுகையில். வேலை போனால் சலுகை போகும், சலுகை போனால் படிப்பு போகும். அதனால் அந்த மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் பார்த்தபோது எனக்கு அந்த ஏ.ஓ. மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

என்னைக் கூப்பிட்டு, யார் போட்டது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். பூட்டே இல்லாத வீட்டுக்குள் யார் வந்தது என்று எப்படிச் சொல்வது? இந்த அம்மாவும் போட்டிருக்கலாம், உங்கள் மாணவனும் போட்டிருக்கலாம், அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறவனும் போட்டிருக்கலாம் என்று தாளாளர் முன்னாலேயே சொன்னேன். ஏ.ஓ.வுக்கு முகம் செத்துவிட்டது. மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

பூட்டுப் போடும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு பயனர் பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை யாரும் அப்படியே சேமித்து வைக்க மாட்டார்கள், மாவாக அரைத்துத்தான் வைப்பார்கள். மாவைத் திரும்ப அரிசியாக்க என்னாலும் முடியாது. ஐந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதிவேடு: எந்தப் பெயரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த அறிவிப்பு போடப்பட்டது என்று தானாகவே எழுதிக்கொள்ளும். யாரும் அதை அழிக்க முடியாது. அதை நான் ரொம்ப ரசித்துச் செய்தேன். இனிமேல் எவனாவது தப்புப் பண்ணிவிட்டு அந்த அம்மா தலையில் கட்டட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

முடித்துவிட்டு எல்லோருக்கும் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தேன். ஏ.ஓ. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்து பேர் பாஸ்வேர்டும் அதில் எழுதித் தரவேண்டும், பீரோவில் வைத்துக்கொள்கிறேன் என்றார். பாஸ்வேர்டு என்றால் அவரவருக்கு மட்டும்தான் சார், எனக்கே தெரியாது என்றேன்.

"நீ போட்ட பூட்டுக்குச் சாவி இன்னான்னு உனுக்கே தெரியாதா? இன்னா வேலை கத்துகினு வந்த நீ?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்களின் சிரிப்பு. மாவு, அரிசி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் மாவு மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து எதற்கோ போனேன். பதிவேட்டைத் திறந்தால் அத்தனை அறிவிப்பும் ஒரே பெயரில் இருந்தது. கிளார்க் அம்மாவின் பெயர். மற்ற நால்வரில் ஒருத்தர் பெயர்கூட ஓரிடத்திலும் இல்லை. ஏ.ஓ.வின் கணக்கு முதல் நாளே பூட்டிக்கொண்டு கிடந்தது. தன் வண்டி எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்தவர், எந்த வண்டி என்பதை மறந்துவிட்டார். புதிதாக மாற்ற வேண்டுமென்றால் அவருடைய இமெயிலுக்கு ஒரு கடிதம் போகும். அந்த இமெயிலை உண்டாக்கியது போன் வாங்கிய கடைக்காரன். அதன் பாஸ்வேர்டு அந்தக் கடைக்காரனுக்கே வெளிச்சம். என்னிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்திருப்பேன். கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

தலையைத் தூக்கினேன். சுவரில் இன்டர்காம் எண்கள் எழுதிய அட்டை தொங்கும். அதற்குக் கீழே புதிதாக ஒன்று தொங்கியது. கிளார்க் அம்மாவின் பயனர் பெயர், அதன் கீழே பாஸ்வேர்டு, பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, பளபளவென்று லேமினேட் போட்டு, ஓட்டை குத்தி, ஆணியில் மாட்டியிருந்தார்கள். வெப்சைட் என்று தலைப்பு வேறு. பாஸ்வேர்டு ரொம்ப முக்கியம் என்று நான்தானே வாய் கிழியச் சொன்னேன். முக்கியமானது கிழிந்துவிடக் கூடாது என்று ஏ.ஓ. சாரே ஜெராக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பி லேமினேட் போட்டிருக்கிறார். மாணவர்கள் சான்றிதழுக்கு வந்து நிற்கிற ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, சத்தம் வரும்படி.

ஆத்திரத்தை ஏ.ஓ.விடம் காட்டியிருக்க வேண்டும். அவர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான். அதனால் அவரிடம் காட்டினேன். படித்தவர்தானே நீங்கள், இதைக்கூடவா சொல்லித் தரணும், பாஸ்வேர்டை ஊருக்குத் தந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். இன்னும் ஏதேதோ சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. குரலை இறக்கி, "ஏ.ஓ. சாரு கேக்கறப்ப இல்லன்னு எப்டி சார் சொல்றது? நீங்க வெளியிலேந்து வந்துட்டுப் போறீங்க" என்றார்.

மாற்றிவிடுங்கள், இப்போதே, என் கண் முன்னால் என்றேன்.

"மாத்தினா, மாத்துனதையும் கேப்பாரு சார். அப்புறம் ஏன் மாத்துனன்னும் கேப்பாரு."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பயந்தாங்கொள்ளிகள், இவர்களுக்கு என்ன செய்தாலும் இப்படித்தான், திருந்தவே மாட்டார்கள் என்று தோன்றியது. என்னவோ பண்ணுங்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அட்டையைக் கழற்றி எறிய எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு பாஸ்வேர்டில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் நுழைய முடியும் என்று செய்திருக்கலாம், எந்தக் கணினியிலிருந்து போட்டார்கள் என்பதையும் குறித்து வைக்கச் செய்திருக்கலாம். அரை நாள் வேலை. அந்த முட்டாள்களுக்காக அரை நாளா என்று விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாவிடமிருந்து எனக்குப் போன். பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது. பல்கலைக்கழகத்தில் ஏதோ படிவங்களைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி ஏ.ஓ. அனுப்பியிருந்தாராம், திரும்பிக்கொண்டிருக்கிறாராம்.

"பஸ்ல வந்துகினு கீறேன் சார், இன்னும் போரூர்கூடத் தாண்டல. எக்ஸாமுக்கு அப்ளை பண்ற கடைசித் தேதியை மாத்திட்டாங்களாம். ஏ.ஓ. சாரே வெப்சைட்ல மாத்தறேன்னு உக்காந்துகினு, எங்க அமுக்கறதுன்னு என்னைக் கேக்கறாரு. எனக்கு வாயால சொல்ல வரல. நீங்க அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்றீங்களா சார்?"

நான் வேறு ஒருத்தர் தளத்தில் தலையை விட்டிருந்தேன். அவரை அவருடைய சொந்த லாகினில் போய்ச் செய்யச் சொல்லுங்கள், அது முடியாவிட்டால் நீங்கள் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மறந்தும் போனேன்.

அவர் பொறுத்திருப்பாரா? மாற்றிய கடைசித் தேதி பதிமூன்று. அறிவிப்பில் இருபத்து மூன்று என்று ஏறியிருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இரண்டு இருக்கிறது, அவருடைய விரலும் அவரைப் போலவே தடித்தது. சனி, ஞாயிறு யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை. பதிமூன்றாம் தேதி போய்விட்டது. இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய இருந்தார்கள். அந்தப் பருவத் தேர்வு அத்தனை பேருக்கும் கைவிட்டுப் போயிற்று. பெற்றோர்கள் வந்து வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். சல்யூட் அடிக்கிற செக்யூரிட்டிகளுக்கு யாருக்கு அடிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் என்னைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர் நடுவில். பக்கத்தில் ஏ.ஓ., கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. சுவரோரமாகக் கிளார்க் அம்மா நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. என்னை உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

பதிவேட்டைப் பிரின்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். கொடுத்தேன். வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது, கிளார்க் அம்மாவின் பெயர். தாளாளர் படித்தார். அந்த அம்மா, நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன் சார், ஏ.ஓ. சார்தான் அனுப்பினார் என்றார். அனுப்பியது காலையில், மத்தியானமே வந்துவிட்டாள் என்றார் ஏ.ஓ. கூசாமல் சொன்னார். மூஞ்சியில் ஒரு மாற்றமில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு அது ஒரு வரம்.

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை, மூன்று மணி சொச்சத்துக்கு அந்த அம்மாவின் அழைப்பு அதில் இருந்தது. அவர் போரூர் தாண்டவில்லை என்பதும், யார் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதும் அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் நான் ஒருத்தன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். கெஞ்சவெல்லாம் இல்லை, சொல்வேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். மழை லீவு சமயத்தில் சொன்னேன் இல்லையா, அந்த நம்பிக்கை.

நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தாளாளர் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"இது தப்பா காட்ட சான்ஸ் இருக்கா? உங்க சிஸ்டத்தை எவ்வளவு நம்பலாம்?"

ஏ.ஓ. பக்கத்தில் மெல்லச் சிரித்தார். சாவி தெரியாத பூட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் செய்ததையா தப்பு என்கிறீர்கள் என்று ஏறிவிட்டது.

"தப்பா காட்டாது சார். நூறு சதவீதம்" என்றேன்.

அதுதான் நான் சொன்னது. பொய் இல்லை. பதிவேடு தப்பாகக் காட்டவில்லை, யாருடைய பாஸ்வேர்டு என்று கேட்டால் சரியாகச் சொல்லும், யாருடைய கை என்று அதற்குத் தெரியாது. இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் அடுத்து சொல்வதாக இருந்தேன். ஆனால் தாளாளர் சரி என்று தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டார். ஏ.ஓ. எழுந்துவிட்டார். பெரிய மனிதர்கள் எழுந்த பிறகு உட்கார்ந்துகொண்டு பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கல்லூரியையும் சேர்த்து இதே குடும்பத்துக்கு மூன்று தளங்கள் நான்தான் பார்க்கிறேன் என்பதும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் முட்டாள், கோழை என்று வாய்க்கு வாய் சொல்கிறவன், நானும் எழுந்துகொண்டேன்.

வராந்தாவில் அந்த அம்மா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். திரும்புவார், திட்டுவார், போனை எடுத்துக் காட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் உள்ளே திரும்பிப் போயிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவும் சந்தேகம்தான். அவர் திரும்பவே இல்லை. தன் மேஜைக்குப் போய் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் போகும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆபீசில் அதை ஒழுங்காக எழுதுகிற ஒரே ஆள் அவர்தான்.

அன்று சாயங்காலமே அவருடைய பயனர் பெயரை நீக்கச் சொல்லி எனக்குச் செய்தி வந்தது. நீக்கினேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கும், அந்தக் கேள்வியை எழுதியதும் நான்தான். ஆமாம் என்று அமுக்கினேன். மகளுக்கு இன்னும் இரண்டு பருவம் பாக்கி என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். அவள் அப்புறம் வரவில்லை என்றும் சொன்னார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. திருவேற்காடு வழியாகத்தான் எனக்கு வேலப்பன்சாவடிக்கு வழி. இப்போதெல்லாம் பூந்தமல்லி சுற்றிப் போகிறேன். பெட்ரோல்தான் வீண்.

பத்து நாள் கழித்து ஏ.ஓ. கூப்பிட்டார். பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை, யாராலும் உள்ளே போக முடியவில்லை என்றார். புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், அது பேரில் ஒன்று போட்டுக் கொடு என்றார்.

போனேன். அதே மேஜை, அதே நாற்காலி. சின்னப் பெண், முதல் வேலையாம், பட்டாபிராமிலிருந்து வருகிறாளாம். பயனர் பெயரை உண்டாக்கினேன். பாஸ்வேர்டை நீயே போட்டுக்கொள்ளம்மா, எட்டு எழுத்தாவது இருக்கணும், எண்ணும் இருக்கணும் என்றேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவள் யோசித்து யோசித்து அடித்தாள். முடிந்ததும் பழக்க தோஷத்தில், இதை யாருக்கும் சொல்லக் கூடாது என்றேன். சரி சார் என்று பெரிதாகத் தலையாட்டினாள்.

எங்களுக்குப் பின்னால் ஏ.ஓ. வந்து நின்றிருந்தார். கையில் பேனாவும் தாளும்.

"சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, அவர் வந்து நிற்க இடம் விட்டேன்.